செகண்ட் ஷிஃப்ட் பஸ் கிளம்புகிறது

திங்கட்கிழமை காலை கேண்டீனில் இட்லிக்கு நின்றவர்கள் யாரும் இட்லியைப் பார்க்கவில்லை. ஆளாளுக்கு செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரே வீடியோ. எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரன் எவனோ கேலரி உச்சியில் உட்கார்ந்து எடுத்தது. மைதானத்தின் குறுக்கே மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் தலைதெறிக்க ஓடி வருகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம். கேலரியை நெருங்கியதும் கையைச் சுழற்றி எதையோ வீசுகிறான். அதோடு படம் ஆடுகிறது, அலறல் கேட்கிறது, முடிந்துவிடுகிறது. கீழே கன்னடத்தில் ‘ஓசூர் ரவுடிகள்’ என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை மதியம் கால்பந்து ஃபைனலில் நடந்த சங்கதியை ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் இரண்டு மாநிலமும் பார்த்துவிட்டது.

சுசித்ரா அதை ஒரு தடவைதான் பார்த்தாள். ஓடி வந்தவன் சல்மான், அசெம்ப்ளி லைனில் காண்ட்ராக்ட் ஆள். அவன் வீசியது என்ன என்பதும் அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. டிபன் பை.

ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ் நிற்பதற்கு முன்னே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே எறிந்துவிட்டால் அந்த சீட் எறிந்தவனுக்கு. அதற்கு மேல் பேச்சில்லை, எம்டியே வந்தாலும் அந்தப் பையை எடுத்துவிட்டு உட்கார முடியாது. ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கப் போகிறவனுக்குப் போகிற வழியிலாவது உட்கார்ந்து போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் புரியாது. சல்மான் இதில் கெட்டிக்காரன். லைனில் இருக்கும் வயசானவர்களுக்கும் சேர்த்து அவன்தான் ஓடுவான். ஓடுகிற ஓட்டத்திலேயே வீசுவான். குறி தப்பாது. சனிக்கிழமை தப்பிவிட்டது. பஸ் ஜன்னலுக்குப் போக வேண்டிய டிபன், அத்திப்பள்ளி ரசிகர் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்த ஹரீஷ்குமாரின் மண்டையில் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கலவரம் என்றார்கள்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு சுசித்ரா ஹெச்.ஆர். அறைக்குப் போனாள். மேனேஜர் பாஸ்கரன் ஏசியை முழுக்க வைத்துவிட்டு அதே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கல் இல்லை சார், டிபன் பை என்று சொன்னாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

“டிபனோ கல்லோ, மண்ட ஒடஞ்சிருக்குதில்ல?”

“சீட்டு போடத்தான் சார் எறிஞ்சான். பஸ்ஸுக்குத்தான் எல்லாரும் ஓடினாங்க. நாமதானே மைக்குல—”

அங்கேதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார், அவர் எப்போதும் சத்தம் போடுகிற ஆளில்லை. புதன்கிழமை விசாரணை இருக்கிறது, கோப்பைக் கமிட்டிக்காரர்கள், அத்திப்பள்ளி கம்பெனிக்காரர்கள், இன்ஸ்பெக்டர் எல்லாரும் வருகிறார்கள் என்றார். மைக்கில் பேசியது அவள் என்பதால் அவளையும் கேட்பார்கள். கூட்டம் முதலில் மைதானத்துக்குள் இறங்கியது, சண்டை வந்தது, அதைக் கலைக்கத்தான் பஸ் அறிவிப்புக் கொடுத்தோம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

“மாசக் கடைசியில ஒன் கன்ஃபர்மேஷன் ஆர்டர் டைப் பண்ணணும்மா. நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் வச்சுக்க.”

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டு வருஷமாக அவள் வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

சுசித்ராவின் ஊர் தளிக்கு அப்பால் ஜவளகிரி. காட்டோரம். அப்பா திம்மராயன் கூலிக்குக் கேழ்வரகு அறுக்கப் போவார். அம்மா பாப்பம்மா தளி ரோட்டில் ரோஜாப் பண்ணைக் கொட்டகையில் பூ வெட்டுகிறாள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பண்ணையில் மேஸ்திரி பேசுவது தெலுங்கு. மூன்றும் அவளுக்குப் பல் முளைக்கும்போதே வந்தது, யாரும் பாடம் எடுக்கவில்லை. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரியில் பி.காம். அதை முடித்துவிட்டு வந்தால், ஓசூரில் இரண்டு வருஷம் டிரெய்னி என்று பெயர் வைத்து, சேர் எடுத்துப் போடுவதிலிருந்து பிறந்தநாள் கேக் வாங்கி வருவதுவரை செய்ய வைத்தார்கள். அந்த இரண்டு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது.

மூன்று மொழி தெரியும் என்பதால்தான் எல்லைக் கோப்பைக்கு மைக் அவள் கைக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற கம்பெனி அணிகள் ஆடும் கால்பந்துப் போட்டி அது. இந்த வருஷம் ஃபைனலுக்கு வந்தது சுசித்ரா வேலை பார்க்கும் ஓசூர்க் கம்பெனி அணியும் அத்திப்பள்ளிக் கம்பெனி அணியும். மைதானத்தை ஏற்பாடு செய்து சவுக்குக் கட்டையில் கேலரி கட்டியது ஓசூர்க் கம்பெனிதான். கிழக்கே ஓசூர் கேலரி, மேற்கே அத்திப்பள்ளி கேலரி, நடுவில் மைதானம். நிற்க இடமில்லாமல் ஜனம்.

பந்து பார்க்க வந்த கூட்டமாகவா இருந்தது. காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கொங்கர்கள் என்று கத்தினார்கள், தமிழனைத் திட்டுகிற வார்த்தை. இந்தப் பக்கத்திலிருந்து காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, தண்ணியைத் திறந்து விடுங்கடா என்று கத்தினார்கள். கத்தியதில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சூளகிரிப் பையன் ஒருவன் கன்னடத்திலேயே கன்னடக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான், அவன் அம்மா மாலூர்க்காரி. வாரம் முழுக்க லைன் லீடரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கிறவர்கள், சனிக்கிழமை ஒரு நாள் எதிரில் ஒருத்தன் கிடைத்தான் என்று கொட்டினார்கள். எதிரில் நின்றவனும் அதே மாதிரி பேச்சு வாங்கிவிட்டு வந்தவன்தான். இதைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அடிக்க வருவார்கள்.

சுசித்ரா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, இருக்க விடவில்லை. மோர் பந்தல் எங்கே இருக்கிறது, யாருடைய குழந்தை காணவில்லை, கேலரிக் கட்டையில் ஏறி நிற்காதீர்கள், எல்லாவற்றையும் முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில், பிறகு தெலுங்கில் சொன்னாள். தமிழில் சொல்லி முடித்ததும் மேற்குக் கேலரி கொஞ்சம் அமைதியாகும். அடுத்தது நமக்குத்தான் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. ஒரு தடவை அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கன்னட எல்லி என்று ஒருவன் கேட்டான். கன்னடம் எங்கே என்று அவன் கேட்டதும் அவள் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னாள். அவர்களும் கை தட்டினார்கள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பதரை மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம். சிறப்பு விருந்தினர் வரவில்லை. வீரர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள், ஜனம் வெயிலில் உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு மணி நேரம் கழித்து வந்து, கூட வந்த கார்களையெல்லாம் கிழக்கு வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அரை மணி நேரம் பேசினார். கிழக்கு வாசலில்தான் ஷிஃப்ட் பஸ்கள் வந்து நிற்க வேண்டும். வழியில்லை என்றதும் டிரைவர்கள் சுற்றிக்கொண்டு போய் மேற்கு வாசலில், அத்திப்பள்ளி கேலரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியவில்லை. எக்ஸ்ட்ரா டைம் போனது, அதிலும் முடியவில்லை. பெனால்டி என்றார்கள். இரண்டு மணிக்கு செகண்ட் ஷிஃப்ட். கேலரியில் பாதிப் பேர் யூனிபார்ம் சட்டையைக் கம்பெனி அணியின் மஞ்சள் பனியனுக்கு உள்ளே போட்டுக்கொண்டு, டிபனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு லேட் என்றால் அன்றைய நாளே போனது, இரண்டு தடவை லேட் என்றால் அடுத்த மாதம் ஆளே வேண்டாம் என்பார்கள். அவர்கள் பந்தைப் பார்த்த நேரத்தைவிடச் செல்போனில் மணி பார்த்த நேரம் அதிகம்.

மூன்றாவது பெனால்டிக்கு ஆள் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பாஸ்கரன் மேடைக்குப் பின்னாலிருந்து வந்து அவள் காதருகே குனிந்தார். லைன் நின்றுவிட்டால் நாளைக்கு லோடு போகாது, பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டேன், ஆட்களை அனுப்பு என்றார். பெனால்டி முடியட்டுமே சார் என்றாள். முடிகிற வரைக்கும் யார் காத்திருப்பது என்றார்.

“தமிழ்ல மட்டும் சொல்லு போதும். அந்தப் பக்கத்துல எவன் நம்ம பஸ்ல ஏறப் போறான்?”

அவள் சொன்னாள். செகண்ட் ஷிஃப்ட் பஸ் மேற்கு வாசலிலிருந்து கிளம்புகிறது, ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் உடனே வரவும். சொல்லி முடித்த வாய் வழக்கம்போலக் கன்னடத்துக்குப் போனது. பாஸ்கரன் மைக்கின் சுவிட்சை அமுக்கி அணைத்துவிட்டார்.

மேற்கு வாசலிலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. கிழக்குக் கேலரி அப்படியே எழுந்து கீழே கொட்டியது. சுற்றிக்கொண்டு போக வழியுமில்லை, நேரமுமில்லை. மைதானத்துக்குக் குறுக்கேதான் ஓட வேண்டும். மஞ்சள் பனியன் கூட்டம் ஒன்று தங்களை நோக்கி ஓடி வருவதைத்தான் மேற்குக் கேலரி பார்த்தது. பஸ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. முன்னால் ஓடி வந்த சல்மான் கையைச் சுழற்றினான்.

அதற்குப் பிறகு நாற்காலி பறந்தது. சவுக்குக் கட்டையைப் பிடுங்கினார்கள். பந்து பார்க்க வந்த பொம்பளைகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோல் வலைக்குள் ஒதுங்கினார்கள். கேலரியின் ஒரு மூலை சரிந்து கை கால் உடைந்தவர்களை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெனால்டி அடிக்க நின்றவன் பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிவரை அங்கேயே நின்றான். மூன்று பஸ்ஸும் காலியாகத்தான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. லைன் ஓடவில்லை.

சல்மானைப் போலீஸ் சாயங்காலமே பிடித்துக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமைதான் விட்டது. கல்லெறிந்து ஆளை அடித்தான் என்று கேஸ். கம்பெனி அவன் பஞ்ச் கார்டை நிறுத்தி வைத்தது. விசாரணையில் கல் என்று முடிவானால் வேலையும் போய்விடும், கேஸும் கழுத்தில் தொங்கும். கேஸ் இருக்கிற பையனுக்கு ஓசூரில் எந்தக் கம்பெனி கேட்டும் திறக்காது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வெளியே வரும்போது, செக்யூரிட்டி அறைக்கு எதிரில் சல்மானின் அத்தா கௌஸ் மொய்தீன் நின்றுகொண்டிருந்தார். ராயக்கோட்டை ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் போகும்வரை ஒதுங்கி நின்றிருந்தார். அவர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், எரிச்சல்பட்டுக்கொண்டு போயிருப்பாள்.

“ஏம்மா, நீ மேடை மேல இருந்தியாம். எம்பையன் கல்லு எறிஞ்சானா?”

“இல்லீங்க பாய். டிபன் பை. எனக்குத் தெரியும்.”

“அவன் அம்மாவும் அதான் சொல்றா. டிபன் பாக்ஸ் வூட்டுக்கு வரலன்னு ரெண்டு நாளா தேடறா.” கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாளைக்கி அங்க இத சொல்லுவியா?”

சுசித்ரா பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. சரிம்மா, வண்டிக்கு நேரமாச்சுன்னா போ என்று மட்டும் சொன்னார்.

ரூமுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள். பாப்பம்மா ரோஜா முள் குத்திய விரலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊர் வம்பு நமக்கு எதுக்குடி, ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பறம் எந்த நாயத்த வேணாலும் பேசு என்றாள். அம்மா சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் சுசித்ராவுக்குக் கோபமாக வந்தது. ஆர்டர் வந்த பிறகு இன்க்ரிமென்ட் வரட்டும் என்பாள். அது வந்ததும் கல்யாணம் ஆகட்டும் என்பாள். வாயை எடுத்து எடுத்துப் பரண் மேல் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் அது எங்கே இருக்கிறது என்றே மறந்துவிடும். இதையெல்லாம் போனில் சொல்லத் தெம்பில்லை. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை கான்ஃபரன்ஸ் ஹாலில் நடந்தது விசாரணை. பிஸ்கட், டீ, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்திருந்தார்கள், அடுக்கி வைத்தது அவள்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் பாஸ்கரன். அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக் கம்பெனியின் அதிகாரி ஒருவர், அவருக்குப் பக்கத்தில் ஹரீஷ்குமார். தலையில் வெள்ளைக் கட்டு, மேலே அணியின் சிவப்புத் தொப்பியைப் பாதி மாட்டியிருந்தான். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், நடுவில் இன்ஸ்பெக்டர். சல்மானுக்கு நாற்காலி போடவில்லை. அவன் சுவர் ஓரமாக, கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

ஹரீஷ்குமார் ஹாசன் பக்கத்து ஊர்க்காரன். அத்திப்பள்ளிக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தமிழ் ஒரு சொல் தெரியாது. அவன் சொன்னதை அவன் அதிகாரிதான் தமிழில் சொன்னார். அவர்கள் கூட்டமாக வந்தார்கள், முன்னால் வந்தவன் அடித்தான், நான் விழுந்துவிட்டேன். எதனால் அடித்தான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஹரீஷ்குமார் கீழே பார்த்துக்கொண்டு கல்லு என்றான். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சல்மானைக் கேட்டார்கள். டிபன் பை சார் என்றான். அத்திப்பள்ளி அதிகாரி சிரித்துவிட்டார். டிபன் பையா, எங்கே அந்தப் பை என்றார். தெரியல சார் என்றான். அவ்வளவு பேர் மிதித்த இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் எங்கே போயிருக்கும் என்று அவனால் எப்படிச் சொல்ல முடியும்.

பிறகு அவளைக் கேட்டார்கள். பாஸ்கரன் முந்திக்கொண்டு, எங்க ஸ்டாஃப்தான், கூட்டத்தைக் கலைக்க அறிவிப்புக் கொடுத்தது இவங்கதான் என்று அறிமுகப்படுத்தினார். பாதிப் பதிலை அவரே சொல்லியாகிவிட்டது. அவள் ஆமாம் சார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால் போதும். ஒரே ஒரு ஆமாம். சுசித்ரா சுவரைப் பார்த்தாள். சல்மான் அவளைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி ஒன்று ஆகப்போகிறது. கார்டு நிறுத்தியவனுக்கு எந்த ஷிஃப்டும் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கலைக்க இல்லீங்க சார்,” என்றாள். “அப்ப யாரும் மைதானத்துல இல்ல. எல்லாரும் உக்காந்து பெனால்டிதான் பாத்துட்டிருந்தாங்க. பாஸ்கரன் சார் வந்து பஸ் கிளம்புதுன்னு சொல்லச் சொன்னாரு. நான் சொன்னேன். அதுக்கப்பறம்தான் எழுந்து ஓடினாங்க.”

பாஸ்கரன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“சுசித்ரா, நல்லா யோசிச்சு சொல்லும்மா. டென்ஷன்ல எது முன்ன எது பின்னன்னு கொழப்பம் வரும்.”

“யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன். கொழப்பம் ஒண்ணும் இல்ல.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். மைக்கில் என்ன சொன்னாயோ அதை அப்படியே சொல்லு என்றார். அவள் எழுந்து நின்றாள். செகண்ட் ஷிஃப்ட் பஸ் மேற்கு வாசலிலிருந்து கிளம்புகிறது, ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் உடனே வரவும். மைக் இல்லாத அறையில் அந்த வாக்கியம் சின்னதாக இருந்தது. கேட்டு ஓடியவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாத வாக்கியமாகத்தான் இருந்தது.

சரி, உட்காரு என்றார் பாஸ்கரன்.

அவள் உட்காரவில்லை. ஹரீஷ்குமார் தன் அதிகாரியின் முகத்தைப் பார்த்தான், அவர் டீயைப் பார்த்தார். யாரும் அவனுக்குச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. அவள் அவன் பக்கம் திரும்பி, அதையே கன்னடத்தில் சொன்னாள். செகண்ட் ஷிஃப்ட் பஸ் ஹொரடுத்தெ, பேக பன்னி. அன்றைக்குச் சொல்ல விடவில்லை, சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸுக்குத்தான் ஓடி வந்தார்கள், உங்களை அடிக்க இல்லை. எங்கள் ஊரில் சீட்டுக்குப் பை எறிவோம், உங்கள் ஊரில் எறிய மாட்டீர்களா.

ஹரீஷ்குமார் தொப்பியைக் கழற்றினான். கழற்றும்போது கட்டு உரசி முகம் சுளித்தான். எங்க ஊரில் கர்ச்சீப் போடுவோம் என்றான் மெதுவாக, கன்னடத்தில். அதிகாரி அவன் தொடையைத் தட்டினார். அவன் கண்டுகொள்ளவில்லை. அவளைப் பார்த்தே பேசினான். காலையிலிருந்து எல்லாவற்றையும் எங்களுக்கும் சொன்னீர்கள், அதை மட்டும் உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிட்டு மைக்கை நிறுத்திவிட்டீர்கள், உடனே அவ்வளவு பேரும் எழுந்து எங்கள் மேல் ஓடி வந்தார்கள், நாங்கள் வேறு என்ன நினைப்பது என்றான். அவள் ஆமாம் என்றாள். வேறு என்ன நினைக்க முடியும்.

பிறகு அவன் நிறுத்தி, கல்லு அல்ல என்றான்.

இன்ஸ்பெக்டருக்கு அரைகுறைக் கன்னடம் வரும், அது புரிந்தது. அப்படியென்றால் எது என்று கேட்டார். ஹரீஷ்குமாரின் காது சிவந்துவிட்டது. அவன் சொல்லச் சொல்ல அவள்தான் தமிழில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தையல் போட முடியைக் கழுவியபோது அதற்குள்ளிருந்து சோறு வந்ததாம். நர்ஸ் மூக்கைப் பொத்தவில்லை, நல்ல மணமாக இருக்கிறதே என்றாளாம். கூட வந்த பையன்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டானாம். ரசிகர் கூட்டத்துக்கே தலைவன், ஓசூர்க்காரன் சோத்து டப்பாவில் அடிபட்டு விழுந்தான் என்று தெரிந்தால் அடுத்த வருஷம் எந்த முகத்தோடு கேலரியில் நிற்பது. கல் என்றால் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

“குஸ்கா,” என்றான் சல்மான் சுவர் ஓரத்திலிருந்து. யாரும் அவனைக் கேட்கவில்லை. “அம்மா குஸ்கா கட்டிக் குடுத்துச்சு சார்.”

முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர். பிறகு கமிட்டிக்காரர்கள். கடைசியில் ஹரீஷ்குமாரும் வேறு வழியில்லாமல் சிரித்தான், சிரிக்கும்போது தையல் இழுத்தது. பாஸ்கரன் சிரிக்கவில்லை. சுசித்ராவுக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு டிபன் பாக்ஸைக் கல்லாக்க இத்தனை பேர், இத்தனை மாநிலம், இத்தனை வீரம். அவளுக்குக் கால் வலித்தது. உட்கார்ந்தாள்.

கல்லெறிந்த கேஸ் நிற்காது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்தார். மைக்கை நிறுத்தியது யார் என்று மட்டும் தனியாகப் பேச வேண்டியிருக்கும் சார் என்று பாஸ்கரனைப் பார்த்துச் சொன்னார். அவரைக் கார் வரைக்கும் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த பாஸ்கரன், கேஸ் வேறு, கம்பெனி ஒழுங்கு வேறு என்றார். மைதானத்துக்குள் ஓடியது ஓடியதுதான். மேலிடத்தில் பேசி முடிவு தெரிகிறவரை சல்மான் வெளியேதான் இருக்க வேண்டும். காலி டீ டம்ளர்களை அவள் எடுக்கப் போனபோது, விட்டுடு, ஹவுஸ்கீப்பிங் பார்த்துக்குவாங்க என்றார். இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆர்டர் வராது என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வெளியே வந்தாள். கேட்டுக்கு எதிரில் இருந்த புங்கமர நிழலில் சல்மான் நின்றிருந்தான். அவன் அத்தா வண்டி எடுத்துவரப் போயிருந்தார். உள்ளே மேடம் என்று கூப்பிடுகிறவன் இங்கே அக்கா என்றான்.

“எக்கா, அந்த அத்திப்பள்ளி ஆளு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல. எதுக்கு சொன்னான்?”

“தெரியல.”

“நீங்க எதுக்கு சொன்னீங்க?”

அவள் அதற்கும் தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அவனுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

“இன்னைக்கி செகண்ட் ஷிஃப்டுக்கு உள்ள உடுவாங்களா? கேஸுதான் இல்லன்னு ஆயிடுச்சே.”

“இன்னைக்கி விட மாட்டாங்கடா. எப்ப விடுவாங்கன்னும் தெரியாது.”

“உங்க ஆர்டரு?”

“அதுவும் அப்படித்தான்.”

சல்மான் ரோட்டுப் பக்கம் திரும்பினான். கண்டெய்னர் லாரிகள் பெங்களூருப் பக்கம் போய்க்கொண்டிருந்தன, பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குள் எந்த மொழிக்காரன் செய்த சாமான் இருக்கிறது என்று எந்த லாரிக்கும் தெரியாது, கேட்கவும் செய்யாது.

முனையில் ஷிஃப்ட் பஸ் திரும்பியது. டிரைவர் வழக்கம்போல ஹாரனை இரண்டு தடவை அடித்தான். ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நின்றவர்கள் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடினார்கள். சல்மானும் ஓடினான். நாலு எட்டு ஓடி, கையைத் தோளுக்கு மேல் தூக்கிய பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பஸ்ஸில் யாரோ தெரிந்தவருக்கு டாட்டா காட்டுவதுபோல ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

சுசித்ரா பார்க்காததுபோலத் தன் பையைத் திறந்து டிபனை எடுத்தாள். காலையில் கட்டிக்கொண்டு வந்த லெமன் சாதம் அப்படியே இருந்தது. மூடியில் பாதியைப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

“பிடி. இத எவன் தலயிலயும் போடாத.”